நேவி நூலும் கறுப்பு நூலும்: கோத்தகிரி தையல் வீடு ஒன்றுக்கு பல்பு தேர்ந்த நிகழ்வு ஆய்வு

புகார் பல்பைப் பற்றி வரவில்லை, நூலைப் பற்றித்தான் வந்தது. பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்றின் ஓர மடிப்பை இரவு எட்டு மணிக்குத் தைத்துக் கொடுத்திருந்தார் கோத்தகிரியில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு பெண். மறுநாள் காலை குழந்தையைப் பள்ளி வாசலில் விட்ட தாய் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அக்கா, நேவி துணிக்குக் கறுப்பு நூல் போட்டிருக்கீங்களே." தைத்தவர் நூல்கண்டு இரண்டையும் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். அதே மாதத்தில் இன்னொரு தவறும் நடந்தது. மெரூன் ஸ்வெட்டரின் கைப்பகுதிக்கு காப்பிப்பொடி நிற நூல் போய்விட்டது.

மலையில் பள்ளிச் சீருடை என்றாலே நேவி, மெரூன், கரும்பச்சை, சாம்பல்தான். எல்லாம் அடர்ந்த நிறங்கள். வெளிச்சம் கொஞ்சம் தவறினாலும் முதலில் ஏமாற்றுபவை இவையே. "ஃபுல் ஸ்பெக்ட்ரம் பல்பு போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, பகல் ஒளியைப்போல எல்லா நிறமும் அடங்கிய பல்பைத் தேடும் வேலை அந்த வீட்டில் தொடங்கியது. சரியான பல்பு கிடைப்பதற்குள் மூன்று தவறான பல்புகள் வந்துபோயின. அந்த மூன்றும் ஏன் தவறாயின என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீடு

கோத்தகிரிக்கு அருகே தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடு. தகரக் கூரை, அதற்குக் கீழே வார்னிஷ் அடித்த மரப்பலகை சீலிங். முன்னறை 12 அடிக்கு 10 அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். சுவரில் இடுப்பளவுக்குக் கரும்பச்சை ஆயில் பெயின்ட், அதற்கு மேல் மங்கிய நீலம். முன்பக்க ஜன்னல் தென்கிழக்கே பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. ஆனால் வரப்பில் நிற்கும் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் பாதி வானத்தை மறைக்கின்றன. பின்பக்க சமையலறை ஜன்னலுக்கு வெளியே நான்கடியில் கருங்கல் தடுப்புச் சுவர், அதன்மேல் பாசி.

நீலகிரியின் மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நனைகிறது. கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அந்த மாதங்களில் மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி வாசலில் நிற்கும், குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். பகல் நேரம் ஒன்றும் அதிகம் குறைவதில்லை. இந்த அட்சரேகையில் டிசம்பரில்கூடப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. பகல் இருந்தும் வெளிச்சம் வீட்டுக்குள் வராததுதான் இங்கே பிரச்சினை.

தையல் மெஷின் உள்சுவரை ஒட்டி இருந்தது. எதிர்ச்சுவரில், எட்டரை அடி உயரத்தில் ஒரே ஒரு 9 வாட் எல்இடி. பெட்டியில் 900 லூமன், 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. தைப்பவர் உட்கார்ந்தால் பல்பு முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஊசிக்குக் கீழே, அந்த இடத்தில் விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்தால் 38 லக்ஸ் காட்டியது. அவர் வழக்கம்போலக் குனிந்ததும் தலை நிழல் விழுந்து 15 ஆனது.

இந்த 15 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புத்தகம் படிக்க 300 லக்ஸ் வேண்டும். அடர்நிறத் துணியில் அடர்நிற நூல் ஓட்டும் வேலைக்கு 750 முதல் 1000 வரை வேண்டும். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. இந்த வீட்டில் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் உதவுபவர் 66 வயது மாமியார். 15 லக்ஸில் நேவியும் கறுப்பும் ஒன்றாகத் தெரிவது கண்ணின் குற்றமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. இரண்டு நூலுமே விழும் ஒளியில் மிகச் சொற்பத்தைத்தான் திருப்பி அனுப்புகின்றன. நிறத்தைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு ஒளியே அங்கு வந்து சேரவில்லை.

பெட்டியின் மேல் எழுத்து

ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்ற சொல்லுக்குத் தர வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பல்பின் மேலும் அச்சடிக்கலாம். பெட்டியில் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் லூமன். பல்பு மொத்தம் எவ்வளவு ஒளி தருகிறது என்பது அது. வாட் என்பது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை மட்டும் சொல்லும். பழைய 60 வாட் குண்டு பல்பின் ஒளிக்குச் சமம் சுமார் 800 லூமன்.

அடுத்தது கெல்வின். 2700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள், 4000 என்றால் நடுநிலை வெள்ளை, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 தான். இந்த எண் ஒளியின் சாயலை மட்டுமே சொல்கிறது, நிறங்கள் உண்மையாகத் தெரியுமா என்பதைச் சொல்லாது. 6500 என்றால் 'பகல் வெளிச்சம்', ஆகவே அதுதான் ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். இந்தத் துறையில் அதிகம் பேரை ஏமாற்றும் குழப்பம் இதுதான்.

நிறத்தைச் சொல்லும் எண் சிஆர்ஐ. நூற்றுக்கு எவ்வளவு என்று போடுவார்கள். எட்டு வெளிர்நிற மாதிரிகளை அந்த ஒளியிலும் ஒப்பீட்டு ஒளியிலும் பார்த்து, வித்தியாசங்களின் சராசரியைக் கணக்கிட்ட எண் அது. எட்டும் வெளிர்நிறங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும், அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஒன்பதாவது மாதிரி, ஆர்9 என்று தனியாகத்தான் சொல்வார்கள். சாதாரண எல்இடியில் சிஆர்ஐ 80 என்று பெருமையாகப் போட்டிருக்கும். அதே பல்பின் ஆர்9 பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். மெரூன் காப்பிப்பொடியாவது இதனால்தான். சாமி அலமாரியில் குங்குமம் செங்கல் பொடிபோலத் தெரிவதும், தக்காளி பழுத்ததா இல்லையா என்று சமையலறையில் தடுமாறுவதும் இதே காரணத்தால்தான்.

ஏன் சிவப்பு குறைகிறது? எல்இடிக்குள் இருப்பது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி தரும் ஒரு சிப். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே, 480 நானோமீட்டர் பக்கம், ஒரு பள்ளம் விழும். சிவப்புக் கடைக்கோடி மெலிந்துவிடும். சிவப்பு பாஸ்பர் சேர்த்தால் நிறம் சரியாகும், ஆனால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் லூமன் குறையும். அதனால் சிஆர்ஐ 95 பல்பு வாட்டுக்கு 80 முதல் 90 லூமன் தருவது இயல்பு. அதே கடையில் சாதாரணப் பல்பு 100 தருகிறதே என்று அதைக் குறையாகப் பார்க்கக் கூடாது.

சில பல்புகளில் மூன்று இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். 865 என்றால் சிஆர்ஐ 80-க்கு மேல், 6500 கெல்வின். 940 என்றால் சிஆர்ஐ 90-க்கு மேல், 4000 கெல்வின். ட்யூப்லைட் காலத்து வழக்கம் இது, இன்னும் உதவுகிறது. இந்தியாவில் விற்கும் எல்இடி பல்புக்குக் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவு இருக்கிறது, ஐஎஸ் 16102 என்ற தரத்தின்கீழ். அந்த எண்ணும் குறியும் பெட்டியில் இல்லாத பல்பை, எத்தனை ஸ்பெக்ட்ரம் என்று சொன்னாலும், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

மூன்று தவறான பல்புகள்

முதலாவது ஆன்லைனில் ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று தேடி வாங்கியது. மாட்டியதும் அறை முழுவதும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அது செடி வளர்க்கும் பல்பு. அந்த விளக்கு இலைக்காகச் செய்தது. 450-ல் நீலமும் 660-ல் சிவப்பும் கொட்டும். கண்ணுக்கு 555 நானோமீட்டரில் உணர்திறன் 100 என்றால், 660-ல் வெறும் 6. செடி விரும்பும் சிவப்பில் பெரும்பகுதி மனிதக் கண்ணுக்கு வீண். விளம்பரத்தில் லூமனோ சிஆர்ஐயோ இல்லாமல், செடிப் படமும் பிபிஎஃப்டி, பார் போன்ற செடி ஒளிக் கணக்குச் சொற்களும் இருந்தால் அது வீட்டு விளக்கு அல்ல. வெள்ளையாகத் தெரியும் செடி பல்புகளும் உண்டு, அவையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது பல்பின் பெட்டியில் ஃபுல் ஸ்பெக்ட்ரம் டேலைட், 6500 கெல்வின் என்று இருந்தது. சிஆர்ஐ எங்குமே இல்லை. பழைய பல்பைப்போல மூன்று மடங்கு விலை. மெரூன் நூல் அதே காப்பிப்பொடி நிறத்தில்தான் நின்றது. இதில் இன்னொரு வில்லங்கமும் சேர்ந்தது. பல்பு இ27 என்னும் ஸ்க்ரூ டைப், வீட்டு ஹோல்டர் பி22 என்னும் பின் டைப். நடுவில் ஒரு அடாப்டர் போட்டார்கள். ஈரக்காற்றில் பச்சை பிடித்த பித்தளை முனையும் அடாப்டரின் தளர்ந்த ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு வாரத்தில் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் ஒரு முனை கருகியிருந்தது. அடாப்டர் தற்காலிகத்துக்குக்கூட வேண்டாம். ஹோல்டரையே மாற்றுங்கள், வேலை பத்து நிமிடம்.

மூன்றாவதுதான் பாடம் சொன்னது. இது நல்ல பல்பு. சிஆர்ஐ 95, ஆர்9 70-க்கு மேல், 2700 கெல்வின், பிஐஎஸ் எண்ணும் இருந்தது. மெரூன் மெரூனாகத் தெரிந்தது, குங்குமம் சிவந்தது, அறையும் கதகதப்பாகத் தெரிந்தது. ஆனால் நேவி முற்றிலும் கறுப்பில் கலந்துவிட்டது. மாமியார் நூல்கண்டை மூக்குக்கு நேரே கொண்டுபோய், "ஏம்மா, இது கறுப்பா நீலமா?" என்று கேட்கும் நிலை.

காரணம் நேரானது. 2700 கெல்வின் ஒளியில் நீலப் பங்கே சொற்பம். பல்பு அந்தச் சாயலுக்குள் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், இல்லாத நீலத்தை நேவி நூல் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? சிஆர்ஐ கணக்கிடும்போது 2700 பல்பை 2700 சாயலுள்ள ஒப்பீட்டு ஒளியோடுதான் ஒப்பிடுகிறார்கள், பகலோடு அல்ல. குண்டு பல்புக்கும் சிஆர்ஐ 100 தான். அதன் கீழும் நேவி கறுப்பாகத்தான் தெரியும். முதிர்ந்த கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை மேலும் வடிகட்டும். புரை தொடங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். மாமியாருக்குக் கண் பரிசோதனை தனியாகச் செய்ய வேண்டும் என்பது இந்த இடத்தில்தான் முடிவானது.

ஆகத் தையல் மேசைக்கு வேண்டியது மூன்று: நேவிக்குப் போதுமான நீலம், மெரூனுக்குப் போதுமான சிவப்பு, இரண்டையும் பிரிக்கப் போதுமான அளவு. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் ஈடுகட்ட முடியாது.

ஜன்னலே முதல் விளக்கு

அடுத்த பல்பு வாங்குவதற்கு முன் செய்த வேலைகள் இவை, செலவு மிகக் குறைவு. மெஷினை உள்சுவரிலிருந்து முன் ஜன்னலுக்கு நகர்த்தி, ஜன்னல் இடப்பக்கம் வரும்படி வைத்தார்கள். மெஷினின் நிமிர்ந்த தூண்பகுதியும் தைப்பவரின் வலக்கையும் வலப்பக்கம் இருப்பதால், ஒளி இடது முன்பக்கத்திலிருந்து வந்தால்தான் துணியை அழுத்தும் மெஷின் பாதத்தின் கீழ் நிழல் விழாது. கண்ணாடியின் வெளிப்பக்கப் பாசிப்படலத்தைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு எடுத்தார்கள். சில்வர் ஓக்கின் கீழ்க்கிளைகளை மட்டும் கவாத்து செய்தார்கள். மேகம் சூழ்ந்த ஒரு மதியம் ஊசியின் கீழ் 420 லக்ஸ் வந்தது. பழைய இடத்தில் அதே மதியம் 60.

மூடுபனி பகலில் வெளியே வெளிச்சம் குறைவு என்று தோன்றும். கருவி வேறு சொல்கிறது. நடுப்பகலில் மேகத்துக்குள் நிற்கும் முற்றத்தில் பல ஆயிரம் லக்ஸ் சாதாரணமாக இருக்கும். அது நிழல் விழாமல் நாலாபக்கமும் பரவிய, ஸ்பெக்ட்ரத்தில் எந்தப் பள்ளமும் இல்லாத ஒளி. நிறம் பொருத்திப் பார்க்க நேர் வெயிலைவிட இது மேல். தேயிலைச் சுவை பார்க்கும் அறைகளில் வடக்குப் பார்த்த ஜன்னலை விரும்புவதும் இதே காரணத்தால்தான்.

பின்பக்கத் தடுப்புச் சுவரின் பாசியைச் சுரண்டி, ஜன்னலுக்கு எதிரே வரும் ஆறடி அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சமையல் மேடைக்கு வானத்தைப் பார்க்க வழியில்லை. ஆனால் வெள்ளைச் சுவர் வானத்தை வாங்கி உள்ளே அனுப்புகிறது. சரிவை வெட்டிக் கட்டிய எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்லலாம்.

முன்னறையின் மரச் சீலிங்குக்கும் கரும்பச்சைச் சுவருக்கும் ஆஃப் ஒயிட். வார்னிஷ் மரம் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பித் தராது, வெள்ளைச் சீலிங் ஐந்தில் நான்கு பங்கைத் தரும். கரும்பச்சைச் சுவர் இன்னொரு தீங்கும் செய்கிறது. எத்தனை சிஆர்ஐ பல்பு போட்டாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையாகத்தான் துணிமேல் விழும். பல்புக்குக் காசு கொட்டிவிட்டுச் சுவரை விட்டுவைப்பது தண்டம். மலைவீட்டுச் சுவரில் பூஞ்சை வருமென்பதால் பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த பெயின்ட்தான், அதுவும் சுவர் காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச்சில். இந்த வீட்டில் மழைக்காலத்தில் அவசரமாக அடித்ததால் ஒரு மூலை உரிந்தது.

மேசை விளக்கு

தேர்ந்தது 7 வாட், 600 லூமன், 4000 கெல்வின், சிஆர்ஐ 95, ஆர்9 80 பல்பு. உட்புறம் வெள்ளை பூசிய உலோக ஷேடு, வளையும் கை, மேசை ஓரத்தில் கிளாம்ப். பல்பு ஊசிக்கு 45 செ.மீ. மேலே, இடது முன்பக்கம். ஷேடின் விளிம்பு தைப்பவரின் கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் பல்பு நேராகக் கண்ணில் அடித்து, கறுப்புத் துணி முன்னைவிட இருட்டாகத் தெரியும். மீட்டரில் 850.

முதுகுக்குப் பின்னால் இருந்த 900 லூமன் பல்பு தந்தது 15, பக்கத்தில் வந்த 600 லூமன் தருவது 850. வித்தியாசம் முழுக்கத் தூரமும் ஷேடும் தலை நிழலும்தான். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்கு. நல்ல பல்பைச் சீலிங்கில் மாட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் முதலில் அதைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஏன் 4000, ஏன் 6500 இல்லை? சிஆர்ஐ 95 உள்ள 6500 பல்பும் நேவியைப் பிரித்துக் காட்டும். ஆனால் குறைந்த ஒளியில் நீல வெள்ளை சோகையாகவும் குளிராகவும் தெரியும். பத்து டிகிரிக்குப் போகும் இரவில் அந்த வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் உட்கார யாருக்கும் மனம் வராது. ஏன் 3000 இல்லை? மாலை நான்கு மணிக்கு ஜன்னல் ஒளியும் விளக்கும் சேர்ந்து விழும்போது துணிமேல் கத்தரிக்கோலின் நிழலைப் பாருங்கள், இரண்டு நிழல் தெரியும். விளக்கை மறைக்கும் நிழல் நீலமாகவும், ஜன்னலை மறைக்கும் நிழல் ஆரஞ்சாகவும் இருக்கும். அந்த இரண்டு நிழலுக்கும் நடுவே ஓடும் நூலின் நிறத்தை எப்படி நம்புவது? 4000-ல் அந்த வித்தியாசம் வெகுவாகத் தணிந்துவிட்டது.

சிமிட்டல் சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் மட்டமாக இருந்தால் பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் மெஷினில் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 6000 மினுக்கு என்றால், மெஷின் நிமிடத்துக்கு 1000 தையல் ஓடும்போது ஒரு தையலுக்குச் சரியாக 6 மினுக்கு. ஓடும் ஊசி ஆறு இடங்களில் நின்றுவிட்டதுபோலத் தெரியும். விரலை உள்ளே விட்டுவிடும் ஆபத்து அது. கடையிலேயே பார்த்துவிடலாம். போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பல்பைப் பாருங்கள், கருத்த பட்டைகள் நகர்ந்தால் அந்தப் பல்பு தையலுக்கு ஆகாது. பேனாவை விளக்கின் கீழ் வேகமாக விசிறினாலும் போதும். தொடர்ச்சியான மங்கல் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் வேண்டாம்.

ஒரு எல்லையும் உண்டு. வெள்ளைச் சட்டைக்குப் பாக்கெட் ஒட்டும்போது இந்த விளக்கை நம்ப முடியாது. புது வெள்ளைத் துணியில் இருக்கும் பளிச்சூட்டும் ரசாயனம் ஊதாவும் புறஊதாவும் பட்டால்தான் மின்னும். நீல சிப் எல்இடியில் அந்த ஒளி கிடையாது, ஆகவே பழைய வெள்ளையும் புது வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். ஊதா சிப் கொண்ட எல்இடிகள் வந்திருக்கின்றன. 405 முதல் 420 நானோமீட்டர் வரையிலான சிப்பிலிருந்து தொடங்குவதால் 480 பக்கத்துப் பள்ளமும் அவற்றில் வெகுவாக நிரம்பிவிடும். உண்மையில் ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்ற பெயருக்கு நெருக்கமானவை அவைதான். விலை அதிகம், மலைக் கடைகளில் கிடைப்பது அரிது. வெள்ளையைப் பகலில் ஜன்னலருகே பொருத்திக்கொள்வதே இந்த வீட்டுக்குப் போதும் என்று தீர்மானமானது.

சோதனை அட்டை

வெள்ளை அட்டை ஒன்றில் கறுப்பு, நேவி, மெரூன், காப்பி, கரும்பச்சை, சாம்பல் நூல்களைப் பத்துச் சுற்று சுற்றி ஒட்டினார்கள். பின்பக்கம் பெயர். நூல்கண்டுகளைக் கலக்கிவைத்து, இரவில் விளக்கின் கீழ் மாமியார் ஒவ்வொன்றையும் அட்டையில் பொருத்துவார், பிறகு பின்பக்கம் பார்த்துச் சரிபார்ப்பது. கண் புதிய விளக்குக்குப் பழகப் பத்து நிமிடம் விட்ட பிறகே தொடங்க வேண்டும். மேசை விளக்கில் ஆறும் சரியாக வந்தன. 2700 பல்பை அதே ஷேடில், அதே 45 செ.மீ. உயரத்தில் மாட்டியபோது நேவியும் கறுப்பும் மறுபடி மாறின. ஒளியின் அளவு மட்டும் இதைத் தீர்த்திருக்காது என்பதற்கு அதுவே சான்று.

மற்ற அறைகள்

முன்னறைப் பொது வெளிச்சத்துக்குக் கணக்கு எளிது. சதுர மீட்டரை வேண்டிய லக்ஸால் பெருக்கி, பாதி ஒளிதான் பயன்படும் என்று இரண்டால் பெருக்க வேண்டும். 11 சதுர மீட்டர், 100 லக்ஸ், ஆக 2200 லூமன். 12 வாட், 1100 லூமன், 4000 கெல்வின், சிஆர்ஐ 90 பல்பு இரண்டு, எதிரெதிர் மூலைகளில். இரண்டையும் ஒரே பெட்டித் தொகுதியில் வாங்கியது நல்லதாயிற்று. வேறு வேறு தொகுதி என்றால் ஒன்று பச்சைச் சாயலும் ஒன்று இளஞ்சிவப்புச் சாயலும் காட்டலாம். பொது வெளிச்சத்துக்கு 90 போதும், 95-க்கு மேல் காசு போட மேசைதான் இடம்.

சமையலறையில் மேடைக்கு நேர் மேலே 4000, சிஆர்ஐ 90. உருளைக்கிழங்கின் பச்சை, கறியின் நிறம், எண்ணெய் காய்ந்த பதம் எல்லாம் அதில் தெரியும். விறகடுப்பு உள்ள வீட்டில் மாதம் ஒருமுறை பல்பைத் துடைக்காவிட்டால் கரிப்படலமே மஞ்சள் வடிகட்டியாகிவிடும். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போட வேண்டாம், குளிர் ஊராக இருந்தாலும் அடுப்புக்கு மேலே டிரைவர் சூடாகிக் கெடும்.

படுக்கையறைக்கு அந்த 2700 பல்பே போய்ச் சேர்ந்தது. தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டர் பக்கத்து நீலத்துக்குத்தான் அதிகம் எழும்புகின்றன. இரவில் அது குறைவாக இருப்பது நல்லது. தவறான பல்பு என்று முன்னே சொன்னது தையல் மேசைக்கு மட்டும்தான்.

ஃபுல் ஸ்பெக்ட்ரம் பல்பு விற்பவர்கள் சொல்லும் உடல்நலப் பேச்சையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். வீட்டு எல்இடியிலிருந்து வைட்டமின் டி கிடைக்காது. அதற்கு வேண்டிய புறஊதா பி அதில் இல்லை, ஜன்னல் கண்ணாடியும் அதை விடாது. மேகம் மூடிய மாதங்களில் மனம் சோர்ந்துபோகிறவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஒளிப்பெட்டி 10,000 லக்ஸ், அரை மணி நேரம். இந்த மேசை விளக்கு அதன் பக்கத்தில்கூட வராது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் வீட்டு விளக்கின் கீழ் படுக்கவைத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கண்ணில் மஞ்சள் படர்ந்திருப்பதை 2700 பல்பு மறைத்தும்விடும், பகலில் ஜன்னலருகே பாருங்கள்.

மின்சாரமும் ஈரமும்

நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீடு, மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கியது. மட்டமான டிரைவர் உள்ள பல்பு மங்கும், சில சமயம் நிறச் சாயலும் மாறும். 100 முதல் 300 வோல்ட் வரை என்று பெட்டியில் உள்ளதைத் தேர்ந்ததால் மேசை விளக்கு அசையவில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு பல்பு மினுங்கியது. எலெக்ட்ரீஷியன் திறந்து பார்த்தபோது சுவிட்ச் நியூட்ரலில் இருந்தது. பேஸ் ஒயரை சுவிட்சுக்கு மாற்றியதும் நின்றது. இது மினுக்கு மட்டும் அல்ல, பல்பு மாற்றும்போது கையில் ஷாக் அடிக்கும் அமைப்பு.

ஹோல்டர்கள் எல்லாம் புதிதாகப் பீங்கானில். பழைய ஹோல்டரின் பச்சைக் களிம்பைச் சுரண்டிப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைக் கைவிட்டார்கள். ஸ்பிரிங் ஏற்கெனவே வலுவிழந்திருந்தது.

மின்கணக்கு: மேசை விளக்கு 7 வாட், தினம் ஐந்து மணி, மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். முன்னறை இரண்டும் 3.6 யூனிட். பழைய 9 வாட் பல்பின் 1.35 யூனிட்டைக் கழித்தால் கூடுதல் மாதம் 3.3 யூனிட், இரண்டு மாத பில்லில் ஏழுக்கும் குறைவு.

மூன்று மாதம் கழித்து

ஜனவரியில் மறுபடி அளந்தபோது ஊசியின் கீழ் 790 லக்ஸ். ஷேடின் உள்ளே படிந்திருந்த பஞ்சைத் துடைத்ததும் 840. நூல் மாறிய புகார் வரவில்லை. மாமியாருக்கு வலது கண்ணில் புரை தொடக்கம் என்று பரிசோதனையில் தெரிந்தது. பட்டன் வேலையை அவர் இப்போது பகலில் ஜன்னல் பக்கம் செய்கிறார். செடி பல்பு தெரிந்த நாற்றுப்பண்ணைக்குப் போனது. சிஆர்ஐ இல்லாத 6500 பல்பு வெளிப்படிக்குப் போனது, கூரைக்கு அடியில், அதற்கேற்ற ஸ்க்ரூ ஹோல்டரில்.

பின்பக்கத் தடுப்புச் சுவரின் சுண்ணாம்பை மட்டும் மழை பாதி கழுவிவிட்டது. பாசி மறுபடி கீழிருந்து ஏறுகிறது. சமையல் மேடையின் பகல் அளவு 210-லிருந்து 130-க்கு இறங்கியிருக்கிறது. மார்ச்சில் சுவர் நன்றாகக் காய்ந்ததும் சுரண்டி, இம்முறை சிமென்ட் பெயின்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும்.